பக்கத்துல வந்து உக்காருறவங்க



இந்தத் தடவை பயிரைப் பத்தி கொஞ்சமாத்தான் எழுதப் போறேன். தனியா இருக்கிறதைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல கெடக்கு. ஊர்ல என்னைப் பார்க்கிறவங்க "எப்படிண்ணே ஒத்தையா ஓட்டுறீங்க?"ன்னு கேக்குறாங்க. "ஆண்டவர் இருக்காரு, ஓடுது"ன்னு சொல்லிட்டு நடையைக் கட்டிடுவேன். அது பொய் இல்ல. ஆனா அந்த ஒரு வார்த்தையில பாதிதான் இருக்கு. மீதிப் பாதியை இன்னிக்கு எழுதுறேன்.

புதுசா படிக்கிறவங்களுக்காக ஒரு வரி. வில்லியனூர் பக்கம் எங்க ஊரு. ரெண்டு காணிக்கும் கொறச்சலான நிலம். சம்பா நெல்லு, அது முடிஞ்சா உளுந்து, ஒரு ஓரமா மல்லாட்டை. வீட்டுக்காரம்மா தவறி ரெண்டு வருஷம் தாண்டிடுச்சு. பையனுக்குப் புதுச்சேரி டவுன்ல வேலை. மருமக, பேத்தியோட வைத்திக்குப்பத்துல வாடகை வீட்டுல இருக்கான். சம்பா அறுப்பு முடிஞ்சு, உளுந்து மொளைச்சு நின்னதும், நான் கொஞ்ச நாள் அங்க போய் இருந்துட்டு வருவேன். நடுவுல வாரத்துக்கு ஒரு தடவை பஸ் ஏறி வயலைப் பார்த்துட்டு வருவேன்.

விவசாயத்துல தனிமைங்கிறது வெளியில தெரியாது. நாத்துப் பறிக்க ஆள் வருவாங்க, நடவுக்கு வருவாங்க, உரக்கடையில நாலு பேரோட பேசுவோம், டிராக்டர் தம்பியோட வாடகைக்குச் சண்டை போடுவோம். பகல் முழுக்க மனுசங்க சத்தம்தான். ராத்திரி ஏழு மணிக்கு மேலதான் அது தெரியும். இந்த வருஷம் பொன்னி விடலாமா, பிபிடி விடலாமான்னு நாங்க ரெண்டு பேரும் அடுப்பங்கரையில உக்காந்து பேசித்தான் முடிவு பண்ணுவோம். அவ சொன்னதைத்தான் பெரும்பாலும் செய்வேன். இப்போ ரெண்டு ரகத்தையும் நானே சொல்லி, நானே மறுத்துப் பேசி, நானே முடிவு பண்றேன்.

கதிர் வெளிய எட்டிப் பார்க்கிற அன்னிக்குக் காலையில ஒரு சந்தோஷம் வரும். விவசாயி வீட்டுல பொறந்தவங்களுக்கு அது தெரியும். வீட்டுக்கு ஓடிப் போய் "கதிர் வந்துடுச்சு"ன்னு சொல்லணும். அதைச் சொல்ல ஆள் இல்லாம வரப்புலயே நிக்கிறது இருக்குதே, அதுதான் எனக்குத் தனிமை. துக்கத்தைக்கூட யார்கிட்டயாவது சொல்லிடலாம். இந்தச் சின்னச் சின்ன சந்தோஷத்தை யார்கிட்ட போய்ச் சொல்றது?

வைத்திக்குப்பத்துக்கு வந்தா அது சரியாயிடும்னு பையன் நெனைக்கிறான். புதுச்சேரி கடற்கரைச் சாலைக்கு வடக்கே, குருசுக்குப்பத்தைத் தாண்டினா வைத்திக்குப்பம். மீனவங்க ஊரு. வீட்டுக்கு வீடு ஒட்டி நிக்கும். விடியறதுக்கு முன்னாடியே போட்டு எஞ்சின் சத்தம், மீன் கூடை, ஐஸ் பெட்டி, டிவி, பிள்ளைங்க அழுகை. ஊர்ல எனக்கு இருந்த அமைதி இங்க இல்ல. ஆனா காத்து திரும்பிடுச்சா, வலையில என்ன பட்டுச்சுன்னு பேசுற ஊர்ல, கதிர் வந்ததைக் கேட்க ஆள் ஏது? பையன் நல்லவன். மருமக "மாமா, சாப்பிடுங்க மாமா"ன்னு மூணு வேளையும் கவனிச்சுக்குது. அவங்க வேலைக்கும் பேத்தி ஸ்கூலுக்கும் போன பிறகு, பத்து மணியிலேருந்து நாலு மணி வரைக்கும் நானும் சுவரும்தான்.

மாசி மகத்தன்னிக்கு நீங்க வைத்திக்குப்பம் கடற்கரையைப் பார்க்கணும். மயிலம் முருகன் உட்பட சுத்துவட்டாரக் கோவில் சாமிங்க எல்லாம் தீர்த்தவாரிக்கு அங்க வரும். மணல் தெரியாத அளவுக்கு ஜனம். நாங்க வேற மதம்னாலும் பேத்தியைத் தோள்ல வெச்சுக்கிட்டு நானும் போய்ப் பார்ப்பேன். மறுநாள் காலையில போனா, செருப்பும் பூவும் வாழை இலையும் கெடக்கும், ஆள் இருக்க மாட்டாங்க. பெரிய விசேஷம் முடிஞ்ச மறுநாள் மாதிரி ஒரு வெறுமை வேற எதுலயும் இல்ல. துக்க வீட்டுலயும் அப்படித்தான். பதினாறு நாள் வரைக்கும் ஜனம், பதினேழாம் நாள் யாரும் இல்ல.

இனி விசுவாசத்துக்கு வர்றேன். நாங்க தலைமுறையா கத்தோலிக்கர். வில்லியனூர் லூர்து மாதா கோவில் எங்களுக்குத் தாய் வீடு மாதிரி. பிரான்சுலேருந்து 1877-ல் அந்த மாதா சுரூபம் வந்ததுன்னு எங்க தாத்தா காலத்துலேருந்து சொல்லிக்கிட்டு வர்றாங்க. என் கல்யாணத்துக்கு முன்னாடியும், பையன் பொறந்தப்பவும், போரில் தண்ணி வராதப்பவும் அந்தக் குளத்தங்கரையிலதான் போய் நின்னோம். அதனால வீட்டுக்காரம்மா போனதும் எல்லாரும் சொன்னது ஒண்ணுதான்: "ஜெபம் பண்ணுங்க, ஆண்டவர் ஆறுதல் தருவாரு."

ஜெபம் பண்ணினேன். முதல் ஆறு மாசம் ஒண்ணும் நடக்கல. ஜெபமாலை கையில இருக்கும், மனசு ஆஸ்பத்திரி வராந்தாவுல இருக்கும். அந்தச் சமயத்துல ஒரு ஜெபக் கூட்டத்துல ஒருத்தர் என் தோளைத் தட்டி, "உண்மையான விசுவாசம் இருந்தா தனிமையே தெரியாது, உங்ககிட்ட ஏதோ கொறை இருக்கு"ன்னு சொன்னாரு. நல்ல மனசோடதான் சொன்னாரு. ஆனா அன்னிக்கு ராத்திரி எனக்கு ரெண்டு பாரம் ஆயிடுச்சு. பொண்டாட்டி இல்லாத பாரம் ஒண்ணு, விசுவாசம் இல்லாதவன்ங்கிற பாரம் இன்னொண்ணு. அதுக்கப்புறம் கொஞ்ச நாள் கோவில் வாசப்படி மிதிக்கவே கால் வரல.

அந்த நேரத்துலதான் எங்க பங்குலேருந்து கன்னியாகுமரி பக்கம் யாத்திரை பஸ் போச்சு. புனித தேவசகாயம் பிள்ளையைச் சுட்டுக் கொன்ன காட்டாடிமலைக்கு. பையன் வற்புறுத்தி அனுப்பி வெச்சான். தேவசகாயம் பேரை எனக்கு முன்னாடியே தெரியும். 2022 மே 15-ஆம் தேதி ரோமாபுரியில போப் பிரான்சிஸ் அவரைப் புனிதர்னு அறிவிச்சதை நானும் வீட்டுக்காரம்மாவும் டிவியிலதான் பார்த்தோம். வேதத்துக்காக உயிரை விட்டவர்ங்கிறது மட்டும்தான் அப்போ தெரியும். பஸ்ல வந்த ஒரு வாத்தியார் அவர் கதையை முதல்லேருந்து சொன்னாரு. அதைக் கேட்டு எனக்குத் தூக்கமே வரல. ஏன்னா, அது ஒரு விவசாயியோட கதை.

அவரோட பழைய பேரு நீலகண்ட பிள்ளை. நட்டாலம் ஊரு. 1712-ல் பொறந்தவரு. திருவிதாங்கூர் மகாராஜா மார்த்தாண்ட வர்மா காலத்துல பத்மநாபபுரம் அரண்மனையில உத்தியோகம். வசதியான குடும்பம், நிலபுலம், மாடு கன்னு எல்லாம் உண்டு. அப்படி இருந்த வீட்டுல வரிசையா அடி விழுந்துச்சு. மாடுங்க ஒண்ணொண்ணா செத்துச்சு. பயிர் கெட்டுப் போச்சு. மனுசன் உடைஞ்சு போயிட்டாரு. அரண்மனைக்கு வேலைக்குப் போறாரு, முகத்துல உசிர் இல்ல.

அவர் முகத்தைப் பார்த்து "என்ன ஆச்சு?"ன்னு கேட்டவர் ஒரு வெள்ளைக்காரர். தெ லனாய்னு பேரு. டச்சுக் கம்பெனிப் படையோட வந்தவரு. 1741-ல் குளச்சல் சண்டையில டச்சுக்காரங்க தோத்தப்போ கைதியா பிடிபட்டவரு. மகாராஜா அவரைக் கொல்லாம, தன் படைக்கே பயிற்சி கொடுக்க வெச்சுக்கிட்டாரு. பிற்காலத்துல பெரிய தளபதி ஆனாரு. ஆனா சொந்த ஊரு, சொந்த பாஷை எல்லாத்தையும் விட்டுட்டு, ஜெயிச்சவங்க ஊர்லயே கடைசி வரைக்கும் இருந்த மனுசன். 1777-ல் செத்தாரு. உதயகிரிக் கோட்டைக்குள்ள அவர் கல்லறை இருக்கு. கல்லுல லத்தீன்லயும் தமிழ்லயும் எழுதியிருக்கு. எங்க பஸ் அங்கயும் நின்னுச்சு.

நீலகண்ட பிள்ளை தன் கஷ்டத்தைச் சொன்னதும், தெ லனாய் அவருக்கு ஒரு கதை சொன்னாரு. பைபிள்ல இருக்கிற யோபு கதை.

யோபு புஸ்தகத்தைச் சின்ன வயசுலேருந்து கேட்டிருக்கேன். "யோபு மாதிரி பொறுமை"ன்னு பிரசங்கத்துல வரும். யாத்திரை முடிஞ்சு வந்த பிறகுதான் நாற்பத்திரண்டு அதிகாரத்தையும் ஒரு வாரத்துல உக்காந்து படிச்சேன். படிச்சா, பிரசங்கத்துல வர்ற யோபு வேற, புஸ்தகத்துல இருக்கிற யோபு வேற. யோபு நம்மள மாதிரி சம்சாரி. ஏழாயிரம் ஆடு, மூவாயிரம் ஒட்டகம், ஐந்நூறு ஏர் மாடு, ஐந்நூறு கழுதைன்னு கணக்குப் போட்டே எழுதியிருக்கு. முதல் கெட்ட சேதி என்ன தெரியுமா? மாடுங்க உழுதுகிட்டு இருந்துச்சு, கொள்ளைக்காரங்க வந்து ஓட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. ஏர்ல பூட்டின மாடு! அதைப் படிச்சப்போ, இந்தப் புஸ்தகத்தை எழுதினவருக்கு உழவு தெரியும்னு தோணுச்சு. அப்புறம் ஆடு, ஒட்டகம், கடைசியில ஏழு பையனும் மூணு பொண்ணும் ஒரே நாள்ல.

அந்தச் சேதி கேட்டு மூணு சிநேகிதங்க வர்றாங்க. எலிப்பாசு, பில்தாது, சோப்பார். வந்தவங்க, யோபு இருக்கிற நெலமையைப் பார்த்துட்டு, தரையில அவர் பக்கத்துலயே உக்காந்துடறாங்க. ஏழு நாள், ஏழு ராத்திரி. ஒரு வார்த்தை பேசல. அந்தப் புஸ்தகத்துல அவங்க செஞ்ச நல்ல காரியம் அது ஒண்ணுதான். எட்டாவது நாள் வாயைத் திறந்தாங்க, கெட்டுது. "நீ ஏதோ பாவம் பண்ணியிருப்ப, அதான்"ங்கிறதை ஆளுக்கொரு விதமா, பக்கம் பக்கமா சொல்றாங்க. என் தோளைத் தட்டினவர் ஞாபகம்தான் எனக்கு வந்துச்சு.

யோபு சும்மா இருந்தாரான்னு பார்த்தா, இல்ல. பொறந்த நாளையே சபிக்கிறாரு. கடவுளைப் பார்த்து, என்னை ஏன் இப்படி நோட்டம் பார்க்கிற, என் மேல என்ன குத்தம், வந்து சொல்லுன்னு வழக்குக்கு இழுக்கிறாரு. பொறுமைசாலி பேசுற பேச்சா அது? ஆனா கடைசியில கடவுள் பேசுறப்போ, அந்த மூணு பேர் மேலதான் கோபப்படறாரு. என்னைப் பத்தி யோபு பேசின மாதிரி நீங்க சரியாப் பேசலங்கிறாரு. கடவுளுக்காக வக்காலத்து வாங்கினவங்களுக்குத் திட்டு, கடவுள்கிட்டயே சண்டை போட்டவருக்கு நல்ல பேரு. எனக்கு அன்னிக்குத்தான் நெஞ்சுல இருந்த கல்லு நகர்ந்துச்சு. சண்டை போடறதும் ஜெபம்தான் போலருக்குன்னு தோணுச்சு.

இன்னொண்ணையும் கவனிச்சேன். கடைசியில யோபுவுக்கு எல்லாம் ரெட்டிப்பா கெடைக்குது. ஆடு பதினாலாயிரம், ஏர் மாடு ஆயிரம். ஆனா பிள்ளைங்க மட்டும் ரெட்டிப்பா இல்ல. முன்ன மாதிரியே ஏழு பையன், மூணு பொண்ணு. மாட்டுக்கு மாடு கொடுக்கலாம், மனுசனுக்கு மனுசனைக் கொடுக்க முடியாதுன்னு சொல்ற மாதிரி எனக்குப் பட்டுச்சு. பெரியவங்க வேற அர்த்தம் சொல்லலாம். எனக்குப் பட்டது இது.

நீலகண்ட பிள்ளை அந்தக் கதையைக் கேட்ட பிறகு 1745-ல் வடக்கன்குளத்துல ஞானஸ்நானம் வாங்கி தேவசகாயம் ஆனாரு. லாசர்ங்கிற பேரோட தமிழ் அது. "தேவனே துணை"ன்னு அர்த்தம். அவர் சம்சாரமும் ஞானப்பூன்னு பேர் வாங்கினாங்க. அதுக்கப்புறம் அவர் பட்டது சின்னப் பாடு இல்ல. 1749-ல் கைது. எருமை மேல பின்பக்கம் பார்த்து உக்கார வெச்சு ஊர் ஊராக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. அடி, பட்டினி, சங்கிலி. மூணு வருஷம் அப்படி. தாகம் தாங்காம புலியூர்க்குறிச்சியில பாறையை முழங்கையால முட்ட, தண்ணி வந்துச்சுன்னு அந்த ஊர்ல இன்னிக்கும் முட்டிடிச்சான் பாறையைக் காட்டுறாங்க. 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்துல காட்டாடிமலையில சுட்டுட்டாங்க. உடம்பைக் கோட்டாறு சவேரியார் கோவில்ல அடக்கம் பண்ணியிருக்காங்க.

அந்த மலையில நிக்கிறப்போ காத்துன்னா அப்படி ஒரு காத்து. கீழ பார்த்தா கண்ணுக்கு எட்டின தூரம் காத்தாடி. அங்க ஒரு பாறை இருக்கு, கல்லால தட்டினா மணி மாதிரி சத்தம் வரும். மணியடிச்சான் பாறைன்னு பேரு. ஜனங்க வரிசையா தட்டிப் பார்க்கிறாங்க. நானும் தட்டினேன். ஆனா என் நெனப்பு தேவசகாயத்து மேல இல்ல, ஞானப்பூ அம்மா மேல இருந்துச்சு. புருசன் சாகறதைப் பத்தி புஸ்தகம் எழுதுறாங்க, பட்டம் கொடுக்கிறாங்க. பின்னாடி அந்த அம்மா எத்தனை ராத்திரி தனியா வெளக்கு அணைச்சிருப்பாங்க? அதை யாரும் எழுதல. அந்த மலையில அவங்களுக்காக ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னேன்.

என் மனசுல நின்னது இன்னொரு விஷயம். தெ லனாய் நீலகண்ட பிள்ளைக்கு மாடு வாங்கிக் கொடுக்கல. உன் கஷ்டம் நாளைக்குத் தீந்துடும்னும் சொல்லல. ஊரை விட்டு வந்து கைதியா நின்ன ஒரு மனுசன், மாட்டை இழந்த ஒரு மனுசன் பக்கத்துல வந்து, எல்லாத்தையும் இழந்த மூணாவது ஒரு மனுசன் கதையைச் சொன்னாரு. அவ்வளவுதான். தனியா இருந்தவனுக்குத்தான் தனியா இருக்கிறவன் முகம் தெரியும் போல.

யாத்திரை முடிஞ்சு வந்தப்புறம் நான் மறுபடியும் கோவிலுக்குப் போக ஆரம்பிச்சேன். வைத்திக்குப்பத்துல இருக்கிற நாள்ல, விடியக்காலையில எழுந்து மிஷன் வீதி சம்பா கோவிலுக்கு நடந்தே போவேன். என் நடைக்கு அரை மணிக்கு மேல ஆகும். ஜென்மராக்கினி மாதா கோவில்ங்கிறதுதான் பேரு, 1791-ல் கட்டி முடிச்சது. முன்ன அங்க சேசு சபைக்காரங்களோட சின்னப்பர் கோவில் இருந்துச்சாம். சான் பவுலோங்கிறது ஜனங்க வாயில சம்பா ஆயிடுச்சு. வார நாள் பூசைக்குக் கூட்டம் இருக்காது. பெரிய கோவில்ல முப்பது நாப்பது தலை. பெரும்பாலும் வயசானவங்க. அவங்கவங்களுக்குன்னு பெஞ்சு இருக்கு. பூசை முடிஞ்சா ஒரு தலையாட்டு, "தோத்திரம்"னு ஒரு வார்த்தை. பேரு கூடத் தெரியாது. ஒரு தடவை ஊருக்குப் போனதால நாலு நாள் வரல. அஞ்சாவது நாள் பக்கத்து பெஞ்சுப் பெரியவரு "என்ன, உடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டாரு. என் இடம் காலியா இருந்ததை ஒருத்தர் கவனிச்சிருக்காரு! வீடு வரைக்கும் அந்த ஒரு கேள்வியோடதான் நடந்தேன்.

ஜெபமாலையும் இப்போ வேற மாதிரி ஆயிடுச்சு. ஊர்ல இருக்கிறப்போ, ராத்திரி தண்ணி பாய்ச்சப் போனா, வரப்பைச் சுத்தி நடந்துகிட்டே சொல்லுவேன். ஒரு சுத்துக்கு ரெண்டு பத்து மணி ஓடும். மொத்தம் ஐம்பத்து மூணு அருள்நிறை மந்திரம், நடுவுல பரலோக மந்திரம். அது நடுவுல என் பேச்சும் வரும். "மாதாவே, கதிர் வந்துடுச்சு, அவகிட்ட சொல்லிடுங்க"ன்னு சொல்லுவேன். சிரிக்காதீங்க. சொல்றதுக்கு ஒரு ஆள் கெடைச்ச மாதிரி அது இருக்கு. சில நாள் யோபு மாதிரி சண்டையும் போடுவேன். கேன்சர் யாருக்கோ வரட்டும், இவளுக்கு எதுக்குன்னு கேட்டிருக்கேன். பதில் வரல. ஆனா கேள்வியை வெச்சுக்கிட்டு உள்ளயே புழுங்குறதும், ஒருத்தர்கிட்ட கேட்டுட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறதும் ஒண்ணு இல்ல.

இயேசுவே கெத்சமனித் தோட்டத்துல அதைத்தான் பட்டாரு. கொஞ்ச நேரம் என்னோட முழிச்சிருங்கன்னு சீஷங்ககிட்ட கேட்டாரு. மூணு தடவை வந்து பார்த்தாரு, மூணு தடவையும் தூங்கிட்டு இருந்தாங்க. சிலுவையில தொங்கினப்போ, பிதாவே தன்னைக் கைவிட்டுட்டாரான்னு கேட்டாரு. அந்தக் கேள்விகூட திருப்பாடல் புஸ்தகத்துலேருந்து அவர் எடுத்ததுதான். கடவுளே அப்படிக் கேட்டிருக்கிறப்போ, நான் கேட்டா விசுவாசக் கொறைன்னு யார் சொல்ல முடியும்? கொல்கத்தாவுல அத்தனை பேரைத் தூக்கி எடுத்த அன்னை தெரசா, கடவுள் இருக்கிறதே தனக்குத் தெரியலன்னு பல வருஷம் எழுதின கடிதங்க 2007-ல் புஸ்தகமா வந்துச்சு. அவங்களையும் 2016-ல் புனிதர்னு அறிவிச்சாங்க. உள்ளுக்குள்ள வெளிச்சம் தெரியாமயே அவங்க தினமும் எழுந்து வேலைக்குப் போயிருக்காங்க. நானும் எழுந்து தண்ணி பாய்ச்சப் போகலாம்.

கொரோனா நேரத்துல, 2020 மார்ச் 27-ஆம் தேதி, போப் பிரான்சிஸ் ஒரு ஈ காக்கா இல்லாத புனித பேதுரு சதுக்கத்துல, மழையில தனியா நடந்து போய் உலகத்துக்காக ஜெபிச்சாரு. செல்போன்ல நாங்க ரெண்டு பேரும் அதைப் பார்த்தோம். "பாவம், வயசான மனுசன். ஒருத்தரும் குடை பிடிக்கலையே"ன்னு வீட்டுக்காரம்மா சொன்னா. அவ அப்படித்தான். பெரிய விஷயத்துல சின்ன விஷயம்தான் அவ கண்ணுக்குத் தெரியும். அந்தப் போப்பும் 2025 ஏப்ரல் 21-ல் போயிட்டாரு. சேதி கேட்டப்போ எனக்கு அந்தக் குடைதான் ஞாபகம் வந்துச்சு.

வைத்திக்குப்பத்துல பையன் வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி ஒரு அக்கா இருக்காங்க. எழுபது வயசு இருக்கும். வீட்டுக்காரர் கட்டுமரத்துல போய்த் திரும்பி வராதவரு. கூடை சொமந்து மீன் வித்து பிள்ளைங்களை ஆளாக்கினவங்க. இப்போ வாசல்ல கருவாடு காயப் போட்டு, காக்கா ஓட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. போன வாரம் மத்தியானம் என்னைப் பார்த்து, "இன்னா தம்பி, கடலையே பாத்துக்கினு ஒக்காந்திருக்க?"ன்னாங்க. பேச்சு வாக்குல நான் யோபு கதையைச் சொன்னேன். மாடு போனது, பிள்ளைங்க போனது, சிநேகிதங்க பேசினது, எல்லாம் கேட்டுட்டு,

"சண்டை போட்டது சரிதான் தம்பி. நானும் எங்க அம்மன்கிட்ட வருசக்கணக்கா சண்டைதான். கடல்ல போனவரை ஏன்டி குடுக்கலன்னு கேட்டிருக்கேன். அவ இருக்கான்னு நம்பிக்கை இருக்கிறதாலதான் சண்டையே போட முடியுது. இல்லன்னா யார்கிட்ட போடுறது?"ன்னாங்க.

அவங்க சாமி வேற, என் சாமி வேற. ஆனா யோபு புஸ்தகத்தை அவ்வளவு சுருக்கமா எனக்கு யாரும் சொன்னது இல்ல. அப்புறம் ரெண்டு பேரும் பேசாம கொஞ்ச நேரம் காக்கா ஓட்டினோம்.

விசுவாசம் என்ன செய்யாதுங்கிறதையும் சொல்லிடறேன். ராத்திரி பத்து மணிக்கு வீட்டைத் திறந்தா, உள்ள இருட்டாத்தான் இருக்கும். அதை அது மாத்தாது. ஒரு ஆளுக்கு ஆழாக்கு அரிசி போட்டா சோறு ருசிக்காது, அதையும் மாத்தாது. எனக்கு அது கொடுத்தது மூணு: சண்டை போட ஒரு ஆள், காலையில எழுந்து போக ஒரு இடம், காணோம்னா தேட நாலு பேரு. வீட்டுக்காரம்மா போன முதல் வருஷம் மரியாயின் சேனையிலேருந்து ரெண்டு பொம்பளைங்க வாரா வாரம் வீட்டுக்கு வந்தாங்க. ரெண்டு ரெண்டு பேரா வீடு பார்க்கப் போறது அவங்க வழக்கம். ஒரு பத்து மணி ஜெபிப்பாங்க, டீ குடிப்பாங்க, போயிடுவாங்க. அறிவுரை ஒண்ணும் சொன்னதில்ல. யோபுவோட சிநேகிதங்க முதல் ஏழு நாள் இருந்த மாதிரி அவங்க இருந்தாங்கன்னு இப்போ புரியுது.

அதனால நானும் ஒண்ணு செய்யறேன். எங்க ஊர்ல மேலத் தெருவுல ஒருத்தரு, என் வயசுதான், எங்க வேதம் இல்ல. அவர் சம்சாரம் போன ஐப்பசியில தவறிட்டாங்க. பிள்ளைங்க வெளிநாட்டுல. சாயந்திரம் வயல்லேருந்து வர்றப்போ அவர் வீட்டுத் திண்ணையில போய் உக்காருவேன். முதல் நாள் அவரு பேசல, நானும் பேசல. ரெண்டாவது நாளும் அப்படித்தான். மூணாவது நாள் "மோட்டார்ல காயில் போயிடுச்சு"ன்னாரு. மறுநாள் ரெண்டு பேருமா அதைக் கழட்டி வண்டியில வெச்சு வில்லியனூருக்குக் கொண்டு போய் கட்டக் கொடுத்துட்டு, அங்கயே ஒரு டீ குடிச்சோம். சாமியைப் பத்தி நான் ஒண்ணும் பேசல. பேசணும்னும் தோணல.

பையன் கேக்குறான்: "நெலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு இங்கயே வந்துடுங்கப்பா. அங்க ராத்திரி ஒண்ணுன்னா யாரு பார்ப்பா?" அவன் கேக்குறதுல நியாயம் இருக்கு. கால் கை ஓடுற வரைக்கும் ரெண்டு இடத்துலயும் இருக்கேன்னு சொல்லியிருக்கேன். ஊர்ல திண்ணையில எனக்காக ஒருத்தர் காத்திருக்காரு, வைத்திக்குப்பத்துல காக்கா ஓட்ட ஒரு அக்கா இருக்காங்க, சம்பா கோவில்ல என் பெஞ்சு இருக்கு. ஒத்தை ஆளுக்கு இதெல்லாம் சின்ன சொத்து இல்ல.

இப்போ தவக்காலம். உங்க தெருவுலயும் யாராவது ஒருத்தர் வெளக்குப் போடாம உக்காந்திருப்பாங்க. எந்தச் சாமியைக் கும்பிடறவங்களா இருந்தாலும் சரி, ஒரு சாயந்திரம் போய்ப் பக்கத்துல உக்காந்துட்டு வாங்க. என்ன பேசுறதுன்னு யோசிக்க வேணாம். மோட்டார் காயில்லேருந்து பேச்சு தானா ஆரம்பிக்கும்.